ரூம் நம்பர் மட்டும் கேட்டாங்க

எங்க பில்டிங் செக்யூரிட்டி முதல் தடவை என்னை "நாய் ஹாங்"னு கூப்பிட்டப்போ நான் நின்னு முறைச்சுட்டேன். பாங்காக் வந்து ரெண்டு நாள்தான் ஆகியிருந்துச்சு, 2009. அப்புறம் ஆபீஸ்ல விசாரிச்சா சிரிக்கிறாங்க, 'நாய்'னா ஐயா, 'ஹாங்'னா கடை, ஒரு காலத்துல இங்க ஜவுளிக்கடை வச்சிருந்த இந்தியர்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அது இந்தியன்னாலே ஒட்டிக்கிட்ட மரியாதைப் பேரு, நான் ஒரு ரத்தினக் கல் கம்பெனில வெறும் அக்கவுண்டன்ட்டுன்னு சொன்னாலும் கேக்க மாட்டாங்க. மரியாதை இல்லாத பேரு ஒண்ணு இருக்கு, அது 'கேக்'. பிறந்தநாள் கேக் இல்ல. விருந்தாளின்னு அர்த்தம், ஆனா இந்தியன், மலாய்க்காரன், அரபுக்காரன் எல்லாரையும் சேர்த்து அப்படித்தான் சொல்றது. பாம்பும் கேக்கும் எதிர்ல வந்தா முதல்ல கேக்கை அடின்னு ஒரு பழமொழியே இருக்கு. சீலோம் ரோட்டுல நம்ம ஆளுங்க கட்டின மாரியம்மன் கோயிலுக்கும் ஊர் வச்ச பேரு 'வாட் கேக்'தான், 'வாட்'னா கோயில், அங்க நம்மளவிட தாய்க்காரங்க கூட்டம்தான் ஜாஸ்தி.

இதை எதுக்கு சொல்றேன்னா, வெளிநாட்டுலேர்ந்து வந்து பாங்காக்கைப் பத்தி எழுதுறவன்னாலே எல்லாருக்கும் ஞாபகம் வர்றது ஒரு ஃபராங், அதாவது வெள்ளைக்காரன். ஒரு தனி ஜானரே இருக்கு. ஏர்போர்ட் புத்தகக்கடைல பார்த்திருப்பீங்க, அட்டைல நியான் லைட்டு, ஒரு பொண்ணோட முதுகு, ஒரு துப்பாக்கி. அந்தக் குவியல்ல உருப்படியா எழுதினவர்னு நான் நினைக்கிறது கிறிஸ்டோபர் மூர். கனடாக்காரர், அங்க சட்டப் பேராசிரியரா இருந்தவர், 1988-ல இங்க வந்து செட்டில் ஆயிட்டார். அவரோட துப்பறிவாளன் கால்வினோ, நியூயார்க்ல வக்கீலா இருந்து உரிமம் போனவன், அவனுக்கு சாக்ஸஃபோன் வாசிக்கிற ஒரு தாய் போலீஸ் கர்னல் நண்பன். மூர் தாய் மொழில மனசைப் பத்தின சொற்களுக்குன்னே, 'ஜாய்'னு முடியிற, 'ஜாய்'னு தொடங்குற நூத்துக்கணக்கான சொற்களுக்குன்னே, தனியா ஒரு புத்தகம் போட்டார். நான் தாய் கத்துக்கிட்டது பாதி அதுலதான். மனுஷன் மொழிக்குள்ள போனவர்னு அதுலயே தெரியும்.

நான் மாத நாவல் படிச்சு வளர்ந்தவன். பஸ் ஸ்டாண்ட் கடைல தொங்கும், திண்டுக்கல்லேர்ந்து மதுரை போறதுக்குள்ள கொலைகாரன் மாட்டிடுவான். அதனால பாங்காக்ல ஒரு தமிழ் க்ரைம் நாவல் எழுதணும்னு ஆசை, ஹீரோ கூட ரெடி, எங்க மஹேசாக் ரோட்டுல கல் புரோக்கரா இருக்கிற ஒரு காயல்பட்டினத்து ஆள். மூணு அத்தியாயம் எழுதினேன். அதுக்கு மேல போகல. ஏன் போகலங்கறதுதான் இந்தப் பதிவு.

முதல்ல வார்த்தைகளைப் பாருங்க. தாய் மொழில கொலைகாரனுக்கு 'காத்தகோன்'னு பேரு, நம்ம பழைய நாடகத்துல "அடே காதகா"ன்னு கத்துவாங்களே அதே ஆள்தான். ஆவிக்கு 'வின்யான்'. விஞ்ஞானம்! நாம அந்தச் சொல்லை பிசிக்ஸ் கெமிஸ்ட்ரிக்கு வச்சுக்கிட்டோம், இவங்க பேய்க்கு வச்சுக்கிட்டாங்க. கோர்ட் கேஸுக்கு 'கதீ', நம்ம 'கதி'யேதான். இலக்கியத்துக்கு 'வன்னகதீ', வர்ணத்தோட கதி சேர்ந்தது. ஆக வழக்குக்கும் இலக்கியத்துக்கும் ஒரே வால். இது வெறும் சொல் விளையாட்டுன்னுதான் நானும் நினைச்சேன். ஆனா நான் வந்த அதே வருஷம் ஜனவரில ஹாரி நிக்கோலைடிஸ்னு ஒரு ஆஸ்திரேலியருக்கு மூணு வருஷ சிறை போட்டாங்க, காரணம் அவர் சொந்தக் காசுல போட்ட நாவல்ல அரச குடும்பத்தைப் பத்தி வந்த ஒரு பத்தி. அச்சடிச்சது 50 காப்பி. வித்தது 7. அடுத்த மாசமே அரசர் மன்னிப்பு குடுத்து வெளில விட்டுட்டாங்க, அது வேற. ஆனா ஏழு பேர் படிச்ச நாவலுக்கு மூணு வருஷம்னா, தலைக்கு எவ்வளவுன்னு அக்கவுண்டன்ட் புத்தி கணக்குப் போட்டுப் பார்க்குது, என்ன பண்றது. அரச அவமதிப்புக்கான 112-வது சட்டப் பிரிவு, ஒரு குற்றச்சாட்டுக்கு 15 வருஷம் வரைக்கும் போகும். இங்க எழுதுற எவனும், தாய்க்காரனோ ஃபராங்கோ கேக்கோ, அந்த நம்பரைத் தலைமாட்டுல வச்சுக்கிட்டுத்தான் எழுதுறான்.

நாங்க உக்காந்திருக்கிற கல் தெருவுல வேற ஒரு கதை உண்டு, புதுசா வர்றவனுக்கு முதல் வாரமே யாராவது சொல்லிடுவாங்க. 1989-ல ரியாத்துல ஒரு இளவரசர் அரண்மனைல வேலை பார்த்த தாய் தொழிலாளி ஒருத்தன், கிட்டத்தட்ட 90 கிலோ நகை, கல்லு எல்லாத்தையும் அள்ளி, கொஞ்சத்தை வேக்யூம் க்ளீனர் பைக்குள்ள எல்லாம் ஒளிச்சு வச்சு, கார்கோல ஊருக்கு அனுப்பிட்டு பின்னாடியே வந்துட்டான். அதுல ஒரு பெரிய நீல வைரம். 90-ல போலீஸ் ஆளைப் புடிச்சுது. நகையைத் திருப்பிக் குடுத்தாங்க, சவூதில பார்த்தா பாதி போலி, நீல வைரம் காணோம். அதே 90 பிப்ரவரில பாங்காக்ல மூணு சவூதி தூதரக அதிகாரிகளை ஒரே ராத்திரில சுட்டுக் கொன்னாங்க, சில நாள்ல ஒரு சவூதி வியாபாரி காணாமப் போனார். அந்தச் சாவுகளுக்கும் இந்த நகைக்கும் சம்பந்தம் உண்டா இல்லையான்னு தெருவுல இன்னும் சண்டை போடுவாங்க. 94-ல, அந்தக் கல்லையெல்லாம் வாங்கின நகை வியாபாரியோட மனைவியையும் பையனையும் கடத்திக் கொன்னு கார் ஆக்ஸிடென்ட் மாதிரி செட்டப் பண்ணாங்க. அதுல தண்டனை வாங்கினது யாருன்னா, அந்த நகையை மீட்கப் போன போலீஸ் உயரதிகாரியே. சவூதி வருஷக்கணக்கா தூதரக உறவைக் குறைச்சுக்கிச்சு, தாய் தொழிலாளிகளுக்கு விசா கிடையாது, 2022-ல தாய் பிரதமர் ரியாத் போய்த்தான் பழையபடி ஆச்சு.

இப்ப யோசிங்க, இந்தக் கதையில துப்பறிவாளன் என்ன கண்டுபிடிப்பான்? திருடின ஆள் யாருன்னு முதல்லயே தெரியும். வைரம் யார் கழுத்துல போச்சுன்னு ஊரே பேசிக்கிச்சு, ஏதோ ஒரு விருந்துல பெரிய அதிகாரிங்க வீட்டம்மாக்கள் போட்டிருந்த நெக்லஸ் அப்படியே அந்த செட்டு மாதிரியே இருந்துச்சுன்னு. எங்க தெருவுல வயசான புரோக்கர்கள் கிட்ட அந்த நீல வைரம் எங்கன்னு கேட்டா "தெரியாது"ன்னு சொல்ல மாட்டாங்க, சிரிப்பாங்க, டீ வேணுமான்னு கேப்பாங்க. மாத நாவல்ல மர்மம்னா யாருக்கும் தெரியாத விஷயம். இங்க மர்மம்னா எல்லாருக்கும் தெரிஞ்சு யாரும் வாயால சொல்லாத விஷயம். அதுக்குத் துப்பறிவாளன் தேவையே இல்லையே.

'க்ரெங் ஜாய்'னு ஒரு சொல். டூரிஸ்ட் புத்தகத்துல "பிறரைப் புண்படுத்தாத பண்பு"ன்னு போட்டிருக்கும். பாதி உண்மை. அண்ணன் முன்னாடி சிகரெட்டை மறைக்கிறோமே, மாமனார் கிட்ட சம்பளம் பத்தாதுன்னு சொல்ல மாட்டோமே, அந்த மாதிரி, ஆனா அதை எடுத்து போலீஸ், டாக்டர், வாத்தியார், பணக்காரன் எல்லார் மேலயும் போத்திடுங்க. பெரியவங்களை, 'பூ யாய்'களை, கேள்வி கேட்டு சங்கடப்படுத்தக் கூடாது. ஆனா க்ரைம் நாவல்னாலே ஒருத்தன் வீடு வீடாப் போய் சங்கடமான கேள்வி கேக்கிறதுதானே? ஃபராங் நாவல்ல அது நடக்குது, ஏன்னா கேக்கறவன் ஃபராங், அவனுக்கு மேனர்ஸ் தெரியாதுன்னு எல்லாரும் பொறுத்துப்பாங்க. அந்த லைசென்ஸ் எனக்கோ என் காயல்பட்டினத்து ஹீரோவுக்கோ கிடையாது. ஒரு கேக் போய் "நேத்து ராத்திரி எங்க இருந்தீங்க"ன்னு கேட்டா கதை அங்கயே முடிஞ்சுரும்.

தாய்ல துப்பறியும் கதையே இல்லையான்னா, இருக்கு. தொடக்கிவச்சது சாதாரண ஆள் இல்ல. 1904 வாக்குல, அப்போ இளவரசரா இருந்த வஜிராவுத், பின்னாடி அரசர் ஆறாம் ராமா, இங்கிலாந்துல படிச்சுட்டு வந்தவர், புனைபெயர்ல தொங்-இன்னு ஒரு துப்பறிவாளனை வச்சுக் கதைகள் எழுதினார், ஹோம்ஸ் சாயல் நல்லாவே தெரியும். முதல் கதை எதைப் பத்தித் தெரியுமா? ப்ரா கானோங் பேய். அதாவது மே நாக். புருஷன் போருக்குப் போயிருக்கும்போது பிரசவத்துல செத்துப் போய், அவன் திரும்பி வந்தப்புறமும் பொண்டாட்டியாவே கூட இருந்தவள், இந்த நாட்டோட நம்பர் ஒன் பேய். இளவரசர் கதையில அவளை மாதிரியே இன்னொரு பேய் வருது, தொங்-இன் போய் அலசி, இது பேயும் இல்ல பிசாசும் இல்ல மனுஷன் போட்ட வேஷம்னு உடைக்கிறார். இந்த நாட்டோட துப்பறியும் இலக்கியம் தொடங்கினதே பேயை ஒழிக்கிறதுலதான்.

சரி, நூறு வருஷம் கழிச்சு யார் ஜெயிச்சான்னு பார்க்கணும்னா சுகும்வித் 77-ல வாட் மஹாபுத்துக்குப் போங்க. மே நாக் சன்னிதி. தங்க ரேக்கு ஒட்டின சிலை, சுத்தி பட்டுப் புடவை மாதிரி தாய் டிரஸ் வரிசையா தொங்குது, குழந்தைக்கு பொம்மை, டயாப்பர், மேக்கப் செட், டிவி வேற ஓடிக்கிட்டிருந்துச்சு நான் போனப்போ. ராணுவத்துக்கு ஆள் எடுக்கிற குலுக்கல்ல பேர் வரக்கூடாதுன்னு பசங்க வேண்டிக்கிறாங்க, புருஷனைப் பட்டாளத்துக்கு அனுப்பித்தானே அவ இழந்தா, அதனால அவளுக்குப் புரியும்னு. தொங்-இன் பேரைச் சொன்னா எங்க ஆபீஸ்ல பாதிப் பேருக்கு யாருன்னே தெரியல. இங்க நியாயம் கேக்குற டிபார்ட்மென்ட்டை பேய்தான் நடத்துதுன்னு எனக்குத் தோணும். கெட்டவனை கோர்ட் விட்டாலும் அவ விட மாட்டா, ராத்திரி கூரைல உக்காந்திருப்பா.

ஆனா பயமுறுத்துறதுக்குன்னு வச்ச பூச்சாண்டி சில நேரம் நிஜ மனுஷனா போயிடறான். சிரிராஜ் ஆஸ்பத்திரி மியூசியத்துக்கு 2011-ல போனேன், கண்ணாடிப் பெட்டிக்குள்ள நின்ன வாக்குல கருப்பா காய்ஞ்ச ஒரு உடம்பு. சீ ஊய். சீனாலேர்ந்து பிழைக்க வந்த ஏழை, ரயோங்ல தோட்ட வேலை. 1958-ல ஒரு குழந்தையைக் கொன்னான்னு புடிச்சு, அதுக்கு முன்னாடி நடந்த குழந்தைக் கொலையெல்லாம் அவன் தலைல கட்டி, ஈரலைத் தின்னான்னு பேப்பர் எழுதி, 59-ல சுட்டாங்க. ஆளுக்கு தாய் பேச வராது, வாக்குமூலம் மொழிபெயர்ப்பாளர் வழியா. பெட்டி மேல "மனுஷனைத் தின்னவன்"னு போர்டு. எங்க ஆபீஸ் பக்கத்துல சாப்பாட்டுக் கடை வச்சிருக்கிற அக்கா, 'பீ'ன்னு கூப்பிடுவோம், சொன்னாங்க, சின்ன வயசுல இருட்டினதும் வீட்டுக்கு வரலன்னா சீ ஊய் வந்து ஈரலைத் தின்னுடுவான்னு அம்மா சொல்லுவாங்களாம். அறுபது வருஷம் பயங்காட்டின அந்தக் கேஸை ஜனங்க திரும்பப் படிச்சுப் பார்த்தா சாட்சியமெல்லாம் ஓட்டை. ஆன்லைன்ல மனு போட்டாங்க, 2019-ல போர்டை எடுத்தாங்க, அப்புறம் பெட்டியை எடுத்தாங்க, 2020 ஜூலைல நோன்தபுரில ஒரு கோயில்ல எரிச்சாங்க. அந்தக் கண்ணாடி முன்னாடி நான் நின்ன அன்னிக்கு இதெல்லாம் தெரியாது. வயித்துக்காக வந்த ஒரு வெளிநாட்டுக்காரன், பாஷை தெரியாதவன், அவ்வளவுதான் மனசுல பட்டுச்சு. இவனைப் பத்தி எந்த ஃபராங் நாவலும் எழுத முடியாதுன்னு நினைச்சேன், ஏன்னா இவனுக்கு பாரும் கிடையாது, விஸ்கியும் கிடையாது, டயலாக்கும் கிடையாது.

தாய் மொழில எனக்குத் தெரிஞ்ச பெஸ்ட் க்ரைம் நாவல்ல குற்றமே நடக்கல. சார்ட் கோப்ஜித்தி 1981-ல எழுதின 'காம் பிபாக்சா', தீர்ப்புன்னு அர்த்தம், அடுத்த வருஷம் சீரைட்ங்கிற தென்கிழக்காசிய இலக்கிய விருது வாங்கிச்சு. ஃபாக்னு ஒரு பையன், பள்ளிக்கூடத்துல பியூன் வேலை, அப்பா செத்துப் போறார், அப்பாவோட ரெண்டாம் சம்சாரம் புத்தி சரியில்லாதவ, போக்கிடம் இல்ல, அதே குடிசைல இருக்கா. இவன் அவளை வச்சுக்கிட்டிருக்கான்னு ஊர் முடிவு பண்ணிடுது. அவ்வளவுதான் கதை. யாரும் அவன் கிட்ட நேரடியா கேக்கறதில்ல. சேர்த்து வச்ச காசை ஹெட்மாஸ்டர் கிட்ட குடுத்து வைக்கிறான், இவன் எதுவும் தரவேயில்லன்னு அவர் சத்தியம் பண்றார், ஊர் யாரை நம்பும்? அவன் குடிச்சே சாகறான். கடைசில கோயில்ல புதுசா கட்டின எரியூட்டு மேடை சரியா எரியுதான்னு டெஸ்ட் பண்ண அவன் உடம்பை எடுத்துக்கறாங்க. இதைப் படிச்சு முடிச்சப்போ ராத்திரி ரெண்டு மணி, எழுந்து தண்ணி குடிச்சேன், என் மூணு அத்தியாயத்தைத் திறந்து பார்த்தேன், மூடிட்டேன்.

அப்புறம் எங்க பில்டிங்கிலயே ஒண்ணு நடந்துச்சு. மூணு வருஷம் இருக்கும். விடிகாலை அஞ்சு மணி, ஒரு சத்தம், நான் ஏதோ ஏசி யூனிட் விழுந்துருச்சுன்னு நினைச்சேன். பதினாலாவது மாடிலேர்ந்து ஒரு பொண்ணு. முப்பது முப்பத்தஞ்சு வயசு, லிஃப்ட்ல பார்த்திருக்கேன், எப்பவும் கைல ஐஸ் காபி. போலீஸுக்கு முன்னாடியே பிணம் எடுக்கிற தொண்டர்கள் வந்துட்டாங்க, இங்க அதுக்குன்னு ட்ரஸ்ட்டுங்க இருக்கு, புண்ணியத்துக்காக ராத்திரியெல்லாம் வாக்கி டாக்கி வச்சுக்கிட்டு சுத்துவாங்க, அவ்வளவு மரியாதையா வெள்ளைத் துணில சுத்தி எடுத்துட்டுப் போனாங்க. போலீஸ் வந்துச்சு, போட்டோ எடுத்துச்சு, அரை மணி நேரம், போயிடுச்சு. ராத்திரி யாரோ சத்தமா பேசினாங்கன்னு பதிமூணாவது மாடில ஒருத்தர் சொன்னாராம், அப்புறம் நான் அப்படிச் சொல்லவேயில்லன்னாராம்.

நான் விடுவேனா, மாத நாவல் ரத்தம். செக்யூரிட்டி தாத்தாவை, 'லுங்'னு கூப்பிடுவேன், மாமான்னு வச்சுக்கங்களேன், தனியா பிடிச்சு "லுங், அன்னிக்கு ராத்திரி யாராவது வந்தாங்களா, கேமரா இருக்கே"ன்னு கேட்டேன். அவர் என்னையே பார்த்தார். கோபம் இல்ல. பரிதாபம் மாதிரி ஒண்ணு. "நாய் ஹாங், விசா எப்ப ரினியூவல்?"னு கேட்டார். அவ்வளவுதான். மிரட்டினாரா, அக்கறையா கேட்டாரான்னு இன்னிவரைக்கும் எனக்குத் தெரியல, ரெண்டும்தான் போல. 90 நாளைக்கு ஒரு தடவை இமிகிரேஷன்ல போய் நான் இன்னும் இங்கதான் இருக்கேன்னு கையெழுத்து போடுறவன் எவ்வளவு கேக்கலாம்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு.

மூணாம் நாள் பிக்குகள் ஒன்பது பேர் வந்தாங்க, லாபில வெள்ளை நூல் சுத்தி மந்திரம் சொன்னாங்க. வாசல்ல இருக்கிற 'சான் ப்ரா பூம்', பூமி சாமிக்கான குட்டி வீடு, ஃபராங் நாவலாசிரியர்களுக்கு ரொம்பப் பிடிச்ச ஐட்டம், மூரோட முதல் கால்வினோ நாவலுக்கே அதுதான் தலைப்பு, அதுல சிவப்பு ஃபேன்டா பாட்டில் வழக்கமா ரெண்டு இருக்கும், அந்த வாரம் முப்பது. ஸ்ட்ரா போட்டு. அவ பேர் என்னன்னு யாரும் கேக்கல, எப்படி விழுந்தான்னு யாரும் கேக்கல, ஆனா தெரு முழுக்க, சாப்பாட்டுக் கடை பீலேர்ந்து பைக் டாக்ஸி பசங்க வரைக்கும், எல்லாரும் ஒண்ணு மட்டும் கேட்டாங்க. ரூம் நம்பர். 1412.

லாட்டரிக்கு. மாசம் ஒண்ணாம் தேதியும் பதினாறாம் தேதியும் குலுக்கல், டிக்கெட் 80 பாட், துர்மரணம்னா செத்தவங்க நம்பர் குடுப்பாங்கன்னு நம்பிக்கை. முதல்ல எனக்குக் குமட்டிச்சு. என்னடா ஜனங்க இவங்கன்னு. அப்புறம் பீ சொன்னாங்க, சும்மா வாங்கக் கூடாது, விழுந்தா பாதியை அவ பேருல கோயிலுக்குக் குடுக்கணும், இல்லன்னா தேடி வருவான்னு. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. போலீஸ் அரை மணி நேரத்துல மறந்தவளை தெருவே ரெண்டு வாரம் வாயில வச்சிருந்துச்சு, நம்பராத்தான், ஆனா வச்சிருந்துச்சு.

அந்த சனிக்கிழமை ராமா நாலு ரோட்டுல வாட் ஹுவா லாம்போங் போனேன். அங்க கோயில் பக்கத்துல ஒரு ட்ரஸ்ட்டு, ஆதரவில்லாத பிணங்களுக்கு சவப்பெட்டி வாங்க காசு குடுக்கலாம், ஒரு சீட்டுல உன் பேரை எழுதி, அங்க அடுக்கி வச்சிருக்கிற பெட்டி மேல பசை தடவி ஒட்டிடலாம். அடிக்கடி போற வழிதான், இதுவரைக்கும் உள்ள போனதில்ல. கவுண்டர் அம்மா பேரைக் கேட்டாங்க. என் பேரைச் சொன்னேன், நாலு தடவை சொன்னேன், வரல, கடைசில சிரிச்சுக்கிட்டே தாய் எழுத்துல ஏதோ எழுதினாங்க. கூட்டி படிச்சுப் பார்த்தேன். நாய் ஹாங்.

பெட்டில ஒட்டிட்டு வந்தேன். வர்ற வழில லாட்டரி விக்கிற அம்மா கிட்ட 412-ல முடியிற டிக்கெட் இருக்கான்னு கேட்டேன், தீர்ந்து போச்சுன்னாங்க, காலைலயே. அப்போ 142 குடுங்கன்னு வாங்கினேன். ரெண்டும் விழல.

என் ஹீரோ இன்னும் மூணாவது அத்தியாயத்தோட கடைசி வரியில, லிஃப்ட்ல 14-ஐ அழுத்திட்டு நின்னுக்கிட்டிருக்கான்.